தோற்றவருக்குப் பணம் வாபஸ்

ஒரு மனிதனின் நேர்மைக்கு அந்த ஊரில் விலை இருந்தது. லீக் ஆட்டத்துக்கு நாலாயிரம், அரையிறுதிக்கு எட்டாயிரம், இறுதி ஆட்டத்துக்குப் பதினைந்தாயிரம். பதினோரு வருஷமாக இந்த வியாபாரம் நடந்தது. வெங்காய விலை ஏறினாலும் இறங்கினாலும் இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் ஏறிக்கொண்டே வந்தது. ஊரில் இந்த விலை தெரியாத ஒரே வீடு, அந்த நேர்மைக்குச் சொந்தக்காரரின் வீடு.

சொந்தக்காரர் வாரத்தில் ஆறு நாள் மொத்தச் சந்தையின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பார். ஏழாம் நாள் கறுப்புச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு கால்பந்து மைதானத்தில் விசிலோடு ஓடுவார். வயது ஐம்பத்திரண்டு. முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு. மூச்சில் குறையில்லை. ஊர் அவரை ரெஃப்ரி என்றுதான் கூப்பிட்டது. எடைச்சீட்டில் கையெழுத்து வாங்குகிற லாரி டிரைவர்கூட அவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு பயல் அவரிடம் உறையை நீட்டியதில்லை. பக்கத்து ஊர் ரெஃப்ரிகள் ஒன்றுகூடும்போது, ஒருவர் மிக்ஸி வந்த கதை சொல்வார், ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டு போய் மிரட்டிய கதை சொல்வார். இவரிடம் சொல்லக் கதையே இருக்காது. "நெருப்புகிட்ட எவன் கை நீட்டுவான்?" என்று வீட்டில் வந்து மனைவியிடம் சொல்லுவார்.

"நெருப்புதான். ஆனா ஒருநாளாவது அடுப்பைப் பத்தவெச்சிருக்கீங்களா?" என்பாள் அவள்.

வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். ஒரு பொருளைக் கேட்டு ஆளே வரவில்லை என்றால், அது விற்பனைக்கு இல்லாத பொருளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு கடையில் விற்றுக்கொண்டிருக்க வேண்டும். ரெஃப்ரி மாதச் சம்பளக்காரர். அவருக்கு இது தோன்றவில்லை.

இறுதி ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை காலையில், கம்பிக்கடை முதலாளி தன் லோடு லாரியிலேயே ஏறி வந்து எடைமேடையில் இறங்கினார். ராத்திரி பெய்த மழையில் சந்தை முழுக்கச் சேறு. அழுகிய முட்டைக்கோஸ் இலைகள் மேடையின் இரும்புத் தகட்டில் ஒட்டிக் கிடந்தன. ரெஃப்ரி டிரைவரைக் கீழே இறங்கச் சொன்னார். இறங்காமல் உட்கார்ந்திருப்பது, வெற்று லாரியை நிறுக்கும்போது தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வருவது, ஸ்டெப்னிக்கு அடியில் கல் வைப்பது என்று சந்தையின் அத்தனை தந்திரமும் அவருக்கு மனப்பாடம். டிரைவர் இறங்கினான். எண்கள் ஆடி ஆடி நின்றன.

கம்பிக்கடை முதலாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகரத்தின் நீலச்சட்டை அணி அவருடையது. தொப்பையும் குரலும் பெரிய ஆள். இன்றைக்குக் குரல் மட்டும் சின்னதாக இருந்தது.

"மழை ஞாயித்துக்கெழம விட்டுக்குடுக்குமா ரெஃப்ரி?"

"விட்டா நல்லது. தரை ஊறிப்போச்சு. பந்து உருளாம உக்காந்துக்குது."

"அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற." சுற்றிலும் பார்த்தார். "போன மாசம் லீக்ல ஐஸ் கம்பெனிக்காரன் டீம்கிட்ட தோத்தோமே. எனக்கு அதுல ஒரு மனவருத்தமும் இல்ல. ஞாயித்துக்கெழம சாயங்காலம் தோத்தோம். திங்கக்கெழம நான் கடை ஷட்டரைத் தூக்கறதுக்குள்ள பணம் வந்துடுச்சு. ஒரு நோட்டு கொறையல. நான் போட்டுக் குடுத்த அதே ரப்பர் பேண்ட்."

"எந்தப் பணம்?"

கம்பிக்கடைக்காரர் சிரித்தார். பல நாள் பழகிய ஆளைப் பாராட்டுகிற சிரிப்பு. "அதானே. இதுதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

"இல்ல, எந்தப் பணம்னு கேக்கறேன்."

"முன்ன ஒரு ரெஃப்ரி இருந்தான். கைநீட்டி வாங்குவான். வேலையும் முடியாது, பணமும் திரும்பாது. கேட்டா, ரெண்டாவது பாதியில காத்து எதிர்ல அடிச்சுதுன்னு சொல்வான். நீங்க அப்படியா? வேலை முடிஞ்சா எடுத்துக்குவீங்க, முடியலேன்னா மறுநாளே திருப்பிடுவீங்க. இந்தச் சந்தையில எந்தக் கடையில வேணா கேட்டுப் பாருங்க. வாங்கினவன்ல இப்படி ஒரு யோக்கியனைப் பாத்ததில்லன்னுதான் சொல்வாங்க."

ரெஃப்ரி பேனாவைக் கீழே வைத்தார். அது உருண்டு மேஜை விளிம்பில் போய் நின்றதை மட்டும் கவனித்தார்.

"யார்கிட்ட குடுத்தீங்க?"

"வேற யார்கிட்ட குடுப்பாங்க? உங்க மச்சினன்கிட்டதான்." இப்போது அவர் குரலில் லேசான சங்கடம். "இதெல்லாம் நாம நேர்ல பேசக்கூடாதுன்னு தெரியும். அவரும் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார், மாமா காதுல நேரா விழக்கூடாது, கோவம் வந்துடும்னு. ஃபைனலாச்சே, மனசு கேக்கல. பதினஞ்சு குடுத்திருக்கேன். கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

தொப்பையை ஒருமுறை தடவிவிட்டு அவர் போய்விட்டார். ரெஃப்ரி சீட்டை எழுதி நீட்டினார். டிரைவர் வாங்கிப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றான்.

"சார், காலி எடை இருபத்தோரு டன்னுன்னு போட்டிருக்கீங்க. சரக்கு எடைன்னு ஒண்ணுமே இல்ல. அப்போ முதலாளி என்னை வெச்சு வெறும் லாரியையா ஓட்டறார்?"

அத்தனை வருஷத்தில் அவர் எழுதிய முதல் தப்புச் சீட்டு அது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினார். காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது போல இருந்தது. குளத்தில் முங்கினவனுக்குக் கரையில் பேசுகிற பேச்சு கேட்குமே, அப்படித்தான் மத்தியானம் வரைக்கும் சந்தையின் சத்தம் அவருக்குக் கேட்டது.

ஒவ்வொன்றாக வந்து நின்றது. டீக்கடைக்காரன், "உங்ககிட்ட காசு வாங்கினா எனக்கு ஒட்டாது சார்" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்தது. முடிவெட்டுகிறவர் நாற்காலியைத் துடைத்துவிட்டு, "சொன்ன சொல்லு மாறாதவர் வந்துட்டார்" என்று சொன்னது. யாரிடம் என்ன சொல்லை எப்போது சொன்னோம் என்று அன்றைக்கு அவர் யோசிக்கவில்லை. மரியாதையை யாரும் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதில்லை. கிடைத்தவரைக்கும் லாபம் என்று வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

வீட்டில் மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ஊரின் பாதி அணிகளுக்குச் சட்டை தைப்பவள். கூடத்தில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் நெஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை மோதப்போகிற இரண்டு அணியும் தரையில் ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டுப் படுத்திருந்தது. ஓவர்லாக் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் மழை வருவது, ஆள் வருவது எதுவும் தெரியாது.

அவளுடைய தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். சந்தையில் காய்கறித் தரகு. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்றே நாற்பது வயதைத் தாண்டியவன். மத்தியானச் சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். தட்டில் சோறும் கீரையும், ஓரத்தில் அவித்த முட்டை ஒன்றும் இருந்தன.

ரெஃப்ரி செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"மாப்ள, கம்பிக்கடைக்காரர்கிட்ட பதினஞ்சு வாங்கினியா?"

மச்சினன் முட்டையை வாயருகில் கொண்டுபோனவன், திரும்பத் தட்டில் வைத்தான். மறுக்கத்தான் போகிறான் என்று ரெஃப்ரி நினைத்தார். மறுத்தால் கத்திவிடலாம் என்று தயாராகவும் இருந்தார்.

"அந்தாளு நேர்ல சொல்லிட்டாரா? வாயில பூட்டு போடத் தெரியாத மனுஷன்" என்றான் மச்சினன். "உக்காருங்க மாமா. நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயமில்ல."

"வாங்கினியா இல்லையா?"

"வாங்கினேன். ஐஸ் முதலாளிகிட்டயும் வாங்கினேன்."

மெஷின் நின்றது.

"ரெண்டு பேர்கிட்டயுமா?"

"ஒருத்தர்கிட்ட மட்டும் வாங்கினா அது சூதாட்டம் மாமா. ரெண்டு பேர்கிட்டயும் வாங்கினாதான் வியாபாரம். ஜெயிச்சவன் பணம் நமக்கு. தோத்தவன் பணம் அவனுக்கே வாபஸ். டிராவானா ரெண்டையும் திருப்பிடுவேன். ஒரு பைசா எவனுக்கும் நஷ்டமில்ல. மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிவைக்கறேன்னு சொல்வேன், அவ்வளவுதான். சொன்னதில்ல. அது வேற விஷயம்."

"எத்தனை நாளா?"

"நீங்க விசில் எடுத்த ரெண்டாவது மாசத்துலேர்ந்து."

ரெஃப்ரி உட்கார்ந்தார். சிவப்புச் சட்டைகளின் மேல் உட்கார்ந்தார்.

"என்னை வித்திருக்கே."

"உங்களை விக்கல மாமா. நீங்க ஒழுங்கா இருக்கீங்களே, அதை வெச்சுப் பொழைச்சேன். கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. நீங்க ஒரே ஒருதடவை வேற எவன்கிட்டயாவது கை நீட்டியிருந்தா என் கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும். பதினோரு வருஷமா என் ரெண்டு காலையும் உங்க யோக்கியதை மேல பந்தயம் கட்டியிருக்கேன். ஊரே நீங்க வாங்கறீங்கன்னு நெனச்சப்போ, வாங்கமாட்டார்னு கண்ணை மூடிக்கிட்டு நம்புன ஆள் நான் ஒருத்தன்தான்."

சொல்லி முடித்தபோது அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. தரகனின் கஷ்டமே இதுதான். பொய் சொல்லும்போது அவன் நன்றாகப் பேசுவான். உண்மையைச் சொல்லும்போது அதைவிட நன்றாகப் பேசுவான். கேட்கிறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியாது.

மனைவி மெதுவாகக் கேட்டாள். "டேய், அப்போ இந்த மெஷின்?"

அவன் குனிந்து கீரையைச் சோற்றில் பிசைந்தான்.

"அக்காவுக்குன்னு ஆசையா வாங்கிக் குடுத்தேன்னு சொன்னியே, இந்த மெஷின்."

"அது... ரெண்டு வருஷம் முன்ன நடந்த ஃபைனல்."

"ஃப்ரிஜ்ஜு?"

"அது மூணு லீக்கு, ஒரு அரையிறுதி."

"மாடியில போட்ட தகரம்?"

"அது ஒரு சீசன் முழுக்க அக்கா. அந்த வருஷம் ஆட்டமும் கொஞ்சம்தான்."

அவள் மெஷினிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். தன் வீட்டையே முதல்முறை பார்ப்பதுபோல ஒரு சுற்றுப் பார்த்தாள். எழுந்து போய், தம்பியின் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கே ரெண்டு பேருக்கும் திருப்பிக் குடு."

"ஆட்டத்துக்கு முன்னாடி திருப்பினா, எதிராளி கூடக் குடுத்துட்டான்னு அர்த்தம் அக்கா. காலை ஒடச்சிடுவானுங்க."

"ரெண்டு காலு இருக்கில்ல? ஆளுக்கு ஒண்ணு."

"அக்கா..."

"உங்க மாமாவுக்கு இருந்தது ஒரே ஒரு பேரு. அதைத் துண்டு போட்டு வித்தப்போ நீ யோசிச்சியா?"

ரெஃப்ரி அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நானே போய்ச் சொல்றேன்" என்றார்.

ஐஸ் கம்பெனிக்கு அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனார். வெளிச்சம் இருக்கும்போதே, முன் வாசல் வழியாக, சைக்கிளை எல்லாரும் பார்க்கிற இடத்தில் நிறுத்திவிட்டுப் போனார். மறைக்க ஒன்றுமில்லாதவன் அப்படித்தான் போவான் என்பது அவருடைய கணக்கு. உள்ளே குளிர் முகத்தில் அறைந்தது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. ஆட்கள் பாளம் பாளமாக ஐஸைக் கொக்கியால் இழுத்துச் சரிவுப் பலகையில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் சிவப்பு அணியின் தடுப்பாட்டக்காரன். அவனை ஊரே கொக்கி என்றுதான் சொல்லும். நூறு கிலோ பாளத்தை ஒரு கையால் திருப்புவான். ரெஃப்ரியைப் பார்த்ததும் கொக்கியை இறக்கிவிட்டு ஒரு சலாம் வைத்தான். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

முதலாளி மேல் அறையில் இருந்தார். சிவப்பு அணிக்குச் சொந்தக்காரர், லீக் சங்கத்துக்குத் தலைவர். சந்தைக் கமிட்டியிலும் ஒரு நாற்காலி உண்டு. அதிகாரம் உள்ளவர்களுக்கே உரிய ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. எதிராளி பேசி முடிப்பதற்குள் புரிந்துகொண்டுவிடுவார். பெரும்பாலும் தப்பாக.

"என் மச்சினன்கிட்ட நீங்க குடுத்த பதினஞ்சாயிரத்தைத் திருப்பி வாங்கிக்குங்க" என்றார் ரெஃப்ரி. "நான் இதுவரைக்கும் ஒரு காசு வாங்கினதில்ல. இது எனக்குத் தெரியவே தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுது."

முதலாளி அவரை உற்றுப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "புரியுது. தரகனை நடுவுல வெச்சா இதான். அவன் எவ்வளவு எடுத்துக்கிட்டு உங்ககிட்ட எவ்வளவு குடுத்தான்?"

"எதுவும் குடுக்கல. நான் வாங்கல."

"முழுசையும் முழுங்கிட்டானா? அடப்பாவி." நாற்காலியை முன்னால் இழுத்தார். "சரி, அவனை விடுங்க. நாம நேரா பேசுவோம். பதினெட்டு."

"ஐயா, நான் விலை பேச வரல."

"யாருமே அப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. இருபது."

"நீங்க எவ்வளவு சொன்னாலும் என்கிட்ட விக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்ன நடக்குதோ அதுக்குத்தான் ஊதுவேன்."

"அதைத்தானே நானும் கேக்கறேன்? எனக்கு அநியாயமா ஒண்ணும் வேணாம். நியாயம் என் பக்கம் இருக்கறப்போ அதைக் கொஞ்சம் சுருக்கா ஊதுங்க, போதும். இருபத்தி ரெண்டு."

ரெஃப்ரி எழுந்துவிட்டார். அந்த ஊரில் கடையை விட்டு எழுந்து நடப்பது பேரத்தின் கடைசிப் படி என்பதை அவர் அந்த நேரத்தில் மறந்துபோனார்.

"இருபத்தஞ்சு" என்றார் முதலாளி, தோற்றுப்போன குரலில். "நீங்க ரொம்பக் கெட்டிக்காரர். இதுக்கு மேல என்னால முடியாது."

"அப்போ நான் இந்த ஆட்டத்துக்கே வரல. வேற ஆளைப் போட்டுக்குங்க."

"ரெண்டு நாள்ல எங்கே போய் ஆள் தேடறது? அதுவுமில்லாம, இப்போ நீங்க ஒதுங்கினா ரெண்டு பக்கமும் வாங்கிட்டு ஓடிட்டார்னு ஊர் பேசும். எடைமேடை ஏலம் வேற அடுத்த மாசம் கமிட்டிக்கு வருது, எடுக்கறவன் உங்களை வேலைக்கு வெச்சுக்கணுமில்ல." மிரட்டுகிற குரல் இல்லை. அக்கறைதான். "போய் நல்லாத் தூங்குங்க. இருபத்தஞ்சு. பேசியாச்சு."

ரெஃப்ரி படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பொய்யைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். உண்மையைச் சொல்லச் சொல்ல விலை ஏறுகிற இடத்தில் அவர் அதுவரை நின்றதில்லை. கம்பிக்கடைக்கும் போய் இன்னொரு தடவை விலையை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை. கீழே ஐஸ் இழுக்கிறவர்கள் வழிவிட்டு நின்றார்கள். வாசலில் கம்பிக்கடையின் கணக்குப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு மழை விட்டது. மைதானம் பிசைந்த மாவுபோலக் கிடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. எண்பத்து மூன்றாம் நிமிஷம் வரைக்கும் கோல் இல்லை. ரெஃப்ரி நன்றாகத்தான் ஓடினார். ஆனால் ஒவ்வொரு முறை விசிலை வாயில் வைக்கும்போதும், இது யாருக்கு எவ்வளவு என்று ஒரு குரல் உள்ளேயிருந்து கேட்டது. பதினோரு வருஷம் அவர் காதில் விழாத குரல். அது தன் குரலாகவே இருந்ததுதான் அவரை அதிர வைத்தது.

எண்பத்து நாலாம் நிமிஷம் நீலச்சட்டைக்காரன் ஒருவன் கோலுக்கு நேராக ஓங்கி அடித்தான். சிவப்பின் பெனால்டி கட்டத்துக்குள் கொக்கி குறுக்கே பாய்ந்தான். ரெஃப்ரிக்கும் அவனுக்கும் நடுவில் இன்னொருவன் முதுகு மறைத்தது. 'டப்' என்ற சத்தம் கேட்டது. கை ஒன்று மேலே போனது தெரிந்தது. ரெஃப்ரி ஊதினார். ஹேண்ட்பால். பெனால்டி.

நீலத்தின் பக்கம் ஆரவாரம். சிவப்புச் சட்டைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. கொக்கி மட்டும் வாதாடவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். ஏலத்தில் தோற்ற ஆள், சரி அவ்வளவுதான் என்று நிற்கிற மாதிரி நின்றான். ரெஃப்ரி அவனருகில் போனார். நெஞ்சின் வெள்ளைப் பட்டையில், தட்டு வைத்து வரைந்ததுபோல, வட்டமாக ஈரச்சேறு பதிந்திருந்தது. பந்தின் அளவு. கைகளில் தோளிலிருந்து விரல் வரை அப்படி ஈரச்சேறு ஒரு பொட்டுகூட இல்லை.

பந்து இன்னும் வைக்கப்படவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் தப்பைத் திருத்திக்கொள்ள ரெஃப்ரிக்கு உரிமை உண்டு. பதினோரு வருஷத்தில் நாலைந்து முறை திருத்தியிருக்கிறார், ஒரு நிமிஷம்கூட யோசித்ததில்லை. இன்றைக்கு யோசித்தார். திருத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்தது. திருத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. தப்பை அப்படியே விட்டால் ஊர் அவரை ஒன்றும் சொல்லாது. சரியாகச் செய்தால்தான் சொல்லும்.

இரண்டு கையையும் குறுக்கே அசைத்தார். பெனால்டி இல்லை.

ஊர் கத்தும் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டதுபோல ஒரு அமைதி. அவர் பந்தைச் சிவப்பின் கோல்கீப்பர் முன்னால் போட்டார். அவன் நீளமாக உதைத்தான். நீலத்தின் தடுப்பாட்டக்காரர்கள் இன்னும் வாய் பிளந்து இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை ஒன்று சேற்றில் சறுக்கிக்கொண்டே போய் கோல் போட்டது. அதற்குப்பின் ஆட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

முடிந்ததும் கம்பிக்கடை முதலாளி நேராக அவரிடம் வந்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை.

"உங்க மச்சினன் பதினஞ்சையும் இப்பவே குடுத்துட்டார். அக்கா சொல்லிச்சாம்" என்றார். "ஆனா ரெஃப்ரி, இதுவரைக்கும் தோத்தப்போ எனக்கு வலிச்சதில்ல. வெள்ளிக்கெழம நீங்க ஐஸ் கம்பெனிக்குப் போனீங்கன்னு என் கணக்குப்பிள்ளை சொன்னார். நான் நம்பல. ஊதின விசிலைத் திரும்ப முழுங்கினீங்களே, அப்போ நம்பினேன்."

"அவன் சட்டையைப் பாருங்க. நெஞ்சுல சேறு."

"சேறு எல்லார் சட்டையிலயும்தான் இருக்கு" என்றார் அவர்.

திங்கட்கிழமை எடைமேடையில் லாரிகள் வந்தன, போயின. டிரைவர்கள் சலாம் வைத்தார்கள். யாரும் நின்று பேசவில்லை. டீக்கடைக்காரன் முதல்முறையாகக் காசை வாங்கிக் கல்லாவில் போட்டான், முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஓவர்லாக் மெஷின் இருந்த இடம் காலியாக இருந்தது. தரையில் நாலு கால் தடமும் எண்ணெய்க் கறையும் மட்டும். மனைவி அதைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய மிதி மெஷினை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சட்டைக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். முதுகும் பிடிக்கும். தம்பி நேற்று அவள் காலடியில் கொண்டுவந்து வைத்த ஐஸ் முதலாளியின் பதினைந்தாயிரம் மேஜை மேல், கத்திரிக்கோலுக்கு அடியில் இருந்தது.

"நேத்தைக்கு நைட்டு முழுக்க அழுதானாம்" என்றாள். "அக்கா, என் பதினோரு வருஷப் பேரு போச்சு, இனிமே எவன் என்கிட்ட வருவான், நேராவே மாமாகிட்ட போயிடுவாங்கன்னு."

ரெஃப்ரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. கொக்கி நின்றிருந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். ஐஸ் வண்டியில் வைத்துக்கொண்டு வந்ததால் தாள் நனைந்திருந்தது.

"முதலாளி குடுக்கச் சொன்னார் சார். மிச்சம் பத்து."

"திருப்பிக் கொண்டு போ."

"ஜெயிச்சாச்சே சார். உங்களுதுதான்."

மனைவி மிதிப்பதை நிறுத்தாமல் சொன்னாள். "மேஜை மேல பதினஞ்சு இருக்கு. அதையும் சேத்து எடுத்துட்டுப் போ தம்பி."

கொக்கி அவளையும் அவரையும் பார்த்தான். "திருப்பினா, பத்தலைன்னுதான் அவர் நெனைப்பார்."

"நெனைக்கட்டும்."

அவன் வாசலைவிட்டு நகரவில்லை. கழுத்தைச் சொறிந்தான். "சார், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பந்து என் கையில படல."

"தெரியும்."

"நெஞ்சுலதான் பட்டுச்சு. இன்னும் வலிக்குது. அது எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்கும் தெரியும்னு நான் நெனைக்கவே இல்ல. முதலாளி பேசினதுதான் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

ரெஃப்ரி அவனையே பார்த்தார். அந்த மைதானத்தில் நடந்ததை உடம்பால் அறிந்த ஒரே சாட்சி அவன்தான். அவனும் அப்படித்தான் நினைத்திருக்கிறான். வியாழக்கிழமையிலிருந்து விழுந்த அடிகளில் இதுதான் எலும்பில் விழுந்தது.

"வெள்ளைப் பட்டையில வட்டமா இருந்துச்சு சேறு" என்றார். "பந்து அளவுக்கு. கையில ஒரு பொட்டுகூட இல்ல. அதனால மாத்தினேன்."

கொக்கி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டான், சேறு இன்னும் அங்கே இருப்பதுபோல. நிமிர அவனுக்கு நேரம் பிடித்தது.

"அப்போ பணம் வாங்கலையா சார்?"

"இல்ல."

"இந்தத் தடவை மட்டுமா?"

"ஒருதடவையும் இல்ல."

"ஒருதடவையும்?"

"ஒருதடவையும்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். ஐஸ் பாளத்தை ஒற்றைக் கையால் திருப்புகிறவனுக்கு இது தூக்க முடியாத கனமாக இருந்திருக்க வேண்டும். "ஏழு வருஷமா ஆடறேன். ஜெயிச்சப்போ எல்லாம் முதலாளி பணத்துல ஜெயிச்சோம்னு நெனச்சேன். அப்போ அதெல்லாம் நாங்களா ஜெயிச்சது?"

"நீங்கதான்."

கொக்கி எழுந்து மேஜையிலிருந்த பணத்தைப் பொட்டலத்தோடு சேர்த்து மடியில் செருகிக்கொண்டான்.

"நான் நம்பறேன் சார்" என்றான். "ஆனா வெளிய சொல்லமாட்டேன். இத்தனை வருஷமா முதலாளி ஏமாந்துட்டார்னு நான் சொன்னா, மறுநாள் எனக்கு வேலை இருக்காது. தப்பா நெனைக்காதீங்க."

அவன் போன பிறகும் ரெஃப்ரி வாசலிலேயே நின்றார். உள்ளே மிதி மெஷின் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அவர் வாங்கவில்லை என்று நம்புகிறவர்கள் அந்த ஊரில் மூன்று பேர். ஒருத்தி அவர் மனைவி. அவள் சொன்னால், பெண்டாட்டி வேறென்ன சொல்வாள் என்பார்கள். ஒருவன் மச்சினன். அவன் இனி என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒருவன் கொக்கி. அவன் சொல்லமாட்டான்.

வரவு மூன்று. பாக்கி, முப்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர்.